பெற்றோரின் கடனும் பிள்ளையின் கையொப்பமும்

இந்நாட்டில் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ அரச நியமனக் கடிதம் கிடைத்த செய்தி ஊரில் பரவியதும் வீட்டுக்கு வருபவர்கள் இரு வகையினராக இருப்பர். வாழ்த்துச் சொல்ல வருபவர்கள் ஒரு வகையினர். வங்கிக் கடனுக்கு ஆள்பிணை தேடி வருபவர்கள் மற்றொரு வகையினர். மாதச் சம்பளம் பெறும் அரச உத்தியோகத்தரின் கையொப்பத்திற்கு எமது சமூகத்தில் உள்ள பெறுமதி அத்தகையது. எனினும், பல வீடுகளில் முதலாவது கோரிக்கை வெளியிலிருந்து வருவதில்லை. அது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. "ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை, தவணையை நான் கட்டுவேன்தானே" என்று தந்தை கேட்கும்போது அதனை மறுக்கும் பிள்ளை எமது மத்தியில் அரிது. அந்த ஒரு கையொப்பம் பிள்ளையின் எதிர்காலத்தில் எவ்வளவு தூரம் பின்தொடர்ந்து செல்லும் என்பதைப் பற்றிக் கேட்பவரும் சிந்திப்பதில்லை, இடுபவரும் சிந்திப்பதில்லை. இவ்விடயமே இன்று நாம் ஆராய விரும்புவது.

கிளிநொச்சியில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தை உதாரணத்திற்காகக் கற்பனை செய்து பார்ப்போம். மகளுக்கு 24 ஆவது வயதில் ஆசிரிய நியமனம் கிடைக்கிறது. தந்தை 2020 இல் லீசிங் அடிப்படையில் ஓர் உழவு இயந்திரத்தைப் பெறுகிறார். மகள் பிணையாளராகக் கையொப்பமிடுகிறார். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ச்சியடைகிறது. 2022 இல் எரிபொருள் இல்லை, பொருட்களின் விலை எட்டாத உயரத்தில். தவணைகள் தவறுகின்றன. 2025 இல் மகளும் கணவரும் வீடு கட்டுவதற்குக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்கின்றனர். வங்கி உத்தியோகத்தர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கிறிப்பில் பிரச்சினை இருக்கிறதே" என்கிறார். தன் வாழ்நாளில் ஒரு சதமேனும் கடன் வாங்காத அந்த ஆசிரியைக்கு அது இடிபோன்ற செய்தியாக அமைகிறது. குடும்பம் கற்பனையானதாயினும் நிலைமை கற்பனையானதல்ல. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இதே கதையை வெவ்வேறு பெயர்களில் கேட்கக்கூடியதாக உள்ளது.

'கிறிப்' என்பது யாது?

மக்கள் பேச்சு வழக்கில் 'கிறிப்' என்று குறிப்பிடுவது இலங்கைக் கடன் தகவல் பணியகத்தையாகும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இது உருவாக்கப்பட்டது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் இதன் பங்காளர்கள். வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் நிறுவனங்கள் ஆகியன தமது வாடிக்கையாளர்களின் கடன் விபரங்களை இப்பணியகத்திற்கு அனுப்புகின்றன. எவ்வளவு கடன், எவ்வளவு நிலுவை, தவணை ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா, எத்தனை நாட்கள் தாமதம் என்பன அங்கு பதிவாகின்றன. கணக்கில் பணமின்மையால் திரும்பிய காசோலைகளின் விபரமும் அங்கு சேர்கிறது. புதிதாகக் கடன் கேட்டு ஒருவர் வரும்போது கடன் வழங்குநர் முதலில் நாடுவது இந்த அறிக்கையையே.

இவ்விடத்தில் பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியுள்ளது. பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் இடுவதில்லை. கடனைக் கொடு என்றோ கொடுக்காதே என்றோ அது கூறுவதுமில்லை. நிறுவனங்கள் அனுப்பும் தகவலைச் சேகரித்து, கேட்கும் நிறுவனத்திற்குக் கொடுப்பதே அதன் பணி. தீர்மானம் வங்கியினுடையது. ஆயினும், நடைமுறையில் பாதகமான பதிவொன்றைக் கண்டதும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைப்பதே பெரும்பாலான கிளைகளின் வழக்கமாகிவிட்டது. பாதகமான கிறிப் பதிவு ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு விண்ணப்பங்களை நிராகரிக்க வேண்டாமென மத்திய வங்கி கொவிட் காலச் சலுகைச் சுற்றறிக்கையில் அறிவுறுத்த நேர்ந்தமை இவ்வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

மேலும், இவ்வறிக்கை ஒருவர் பெற்ற கடன்களை மாத்திரம் காட்டுவதில்லை. அவர் பிணை நின்ற கடன்களையும் காட்டுகிறது. எமது கற்பனை ஆசிரியையின் பெயர் அங்கு இடம்பெற்றது இவ்வழியிலேயே.

கடன் இரத்தத்தில் வருவதில்லை

பெற்றோரின் கடன் பிள்ளையின் கடனா? எமது மரபில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெற்றோர் பட்ட கடனைத் தீர்க்கும் பொறுப்பை மைந்தர் மீது சுமத்தியது. இஸ்லாமிய மரபிலோ இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பங்கிடுவதற்கு முன்னர் அவரது கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது விதி. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு பணிக்கும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். கடனுடன் இறப்பதை இரு சமூகங்களும் பெரும் பாரமாகவே கருதி வந்துள்ளன. தந்தையின் கடனை அடைக்கும் மகனைப் போற்றுவதும், அடைக்காதவனை ஏசுவதும் இன்றும் மாறாதவை.

ஆனால், இன்றைய வங்கிச் சட்டமும் கடன் தகவல் பதிவேடும் வேறு அடிப்படையில் இயங்குகின்றன. உயிருடனுள்ள தந்தையின் கடனுக்கு, கையொப்பமிடாத பிள்ளை பொறுப்பாளியல்ல. தந்தை காலமானால் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தே அறவிடப்பட வேண்டும். சொத்து எதனையும் பெறாத பிள்ளையின் சம்பளத்தில் கைவைக்கக் கடன் வழங்குநருக்கு உரிமை இல்லை. தந்தையின் தவணைத் தவறு தந்தையின் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் பதிவாகுமேயன்றி, மகனின் இலக்கத்தின் கீழ் பதிவாகாது. ஒரே வீட்டில் வாழ்வதோ ஒரே முதலெழுத்தைக் கொண்டிருப்பதோ ஒருவரின் கடனை மற்றவருடையதாக்குவதில்லை.

அப்படியாயின் பெற்றோரின் கடன் பிள்ளையின் அறிக்கைக்குள் எவ்வாறு நுழைகிறது? அது இரத்த உறவினால் நுழைவதில்லை. பேனாவின் வழியாகவே நுழைகிறது. அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது வழி ஆள்பிணையாகும். பிணை நிற்பது என்பது நற்சான்று வழங்குவது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, கடனாளி செலுத்தாவிடின் நான் செலுத்துவேன் என்ற உடன்படிக்கையாகும். எமது நாட்டின் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, முதலில் கடனாளியிடம் அறவிட்ட பின்னரே என்னிடம் வரவேண்டும் என்று கோரும் உரிமை பிணையாளருக்கு உண்டு. ஆனால், வங்கிகளின் அச்சிடப்பட்ட பிணைப் பத்திரங்களில் அவ்வுரிமையைப் பிணையாளர் கைவிடுவதாக ஒரு வாசகம் வழமையாகவே சேர்க்கப்பட்டிருக்கும். அவ்வாசகத்தை வாசித்துக் கையொப்பமிடுவோர் எத்தனை பேர் என்பது கேள்விக்குரியது. கடன் ஒழுங்காகச் செலுத்தப்பட்டாலும் பாதிப்பு முற்றாக இல்லை என்று கூறமுடியாது. பிணையாளர் தமக்கெனக் கடன் கேட்கும்போது, ஏற்கெனவே பொறுப்பேற்ற தொகையையும் வங்கி கணக்கிலெடுக்கக் கூடும்.

இரண்டாவது வழி கூட்டுக்கடன். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் தந்தைக்கு நீண்டகால வீட்டுக்கடன் வழங்க வங்கி தயங்கும். மகனையும் இணைத்துக்கொண்டால் கடன் கிடைக்கும். இங்கு மகன் பிணையாளர்கூட அல்லர். அவரும் கடனாளியே. முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பு.

மூன்றாவது வழியே மிகவும் ஆபத்தானது. பெற்றோர் ஏற்கெனவே தவணை தவறி, அவர்களுக்குக் கடன் மறுக்கப்படும் நிலையில், 18 வயதைக் கடந்த பிள்ளையின் பெயரில் கடனைப் பெறுவது. முச்சக்கரவண்டி மகனின் பெயரில் லீசிங் எடுக்கப்படும், ஓட்டுபவர் தந்தை. கடை வியாபாரத்திற்கான கடன் மகளின் பெயரில் பெறப்படும், பணம் சேர்வது பழைய கடன்காரரிடம். மத்திய கிழக்கில் தொழில்புரியும் மகன் அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுக்க, அவர் பெயரில் வீட்டார் கடன் பெறுவதும் உண்டு. மகன் மாதந்தோறும் அனுப்பும் பணம் தவணைக்குச் சென்றதா, வீட்டுச் செலவிற்குச் சென்றதா என்பது அவர் ஊர் திரும்பும் நாளிலேயே தெரியவருகிறது. பதிவேட்டைப் பொறுத்தவரை இவை பெற்றோரின் கடன்களே அல்ல. அவை முழுமையாகப் பிள்ளையின் கடன்கள்.

நான்காவது வழி காசோலைப் புத்தகம். வியாபாரக் குடும்பங்களில் தந்தையின் நடைமுறைக் கணக்கு முடங்கியதும் மகனின் பெயரில் கணக்குத் திறந்து, திகதி பிந்திய காசோலைகளை மொத்த வியாபாரிகளுக்கு வழங்கும் வழக்கம் கொழும்பு புறக்கோட்டை முதல் கல்முனை வரை அறியப்பட்ட ஒன்று. விற்பனை மந்தமானால் திரும்புவது மகனின் காசோலை. கெடுவது மகனின் பெயர். பணமில்லாத கணக்கிற்குத் தெரிந்தே காசோலை வழங்குவது 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் குற்றமாகவும் கொள்ளப்படலாம் என்பதை இளைஞர்கள் அறிந்திருப்பது அவசியம்.

வட்டியில்லா நிதி முறையை நாடுவோரும் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். முராபஹா, இஜாரா போன்ற ஏற்பாடுகள் வட்டியைத் தவிர்க்கின்றனவேயன்றிப் பதிவைத் தவிர்ப்பதில்லை. அவற்றை வழங்கும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஏனையவற்றைப் போன்று கடன் தகவல் பணியகத்திற்கு விபரங்களை அனுப்புகின்றன. அங்கு தவணை தவறினாலும் பெயர் பாதிக்கப்படும்.

எமது பகுதிகளில் ஏன் இந்நிலை?

பெற்றோர் அனைவரையும் பொறுப்பற்றவர்களாகச் சித்திரிப்பது நியாயமாகாது. அவர்கள் கடனுக்குள் வீழ்ந்த வரலாற்றை நாம் மறக்க முடியாது. 2009 இல் யுத்தம் முடிவுற்று ஏ-9 பாதை திறந்த பின்னர் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்கில் போட்டியிட்டுக் கிளைகளைத் திறந்தன. அனைத்தையும் இழந்திருந்த மக்களுக்கு நிவாரணத்தைவிடக் கடனே இலகுவாகக் கிடைத்தது. தொழில் நிலைபெறும் முன்னரே தவணை தொடங்கியது. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணராக இருந்த ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தபோது நுண்கடன்களின் அளவுமீறிய வட்டியையும், தவணை அறவிடும்போது பெண்கள் எதிர்நோக்கும் துன்புறுத்தல்களையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியதாயிற்று.

முஸ்லிம் வர்த்தகர்களின் நிலையும் வேறல்ல. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் திகனையிலும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் வடமேல் மாகாணத்திலும் கடைகள் எரிக்கப்பட்டன. பொருள் சாம்பலானது, அப்பொருளை வாங்கப் பெற்ற கடனோ சாம்பலாகவில்லை. 2020 இல் கொவிட் தொற்று வந்தது. தவணைகளைப் பிற்போடச் சலுகை வழங்கப்பட்டபோதும் வட்டி நின்றுவிடவில்லை. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின்னர் நாடே தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. நாடு தனது கடன்காரர்களுடன் பேசி மறுசீரமைப்பைப் பெற்றுக்கொண்டது. வீட்டிலுள்ள தந்தைக்கு அத்தகைய பேச்சுவார்த்தை மேசை எங்கே? அவருக்கு எஞ்சியிருந்த ஒரே வழி, பிள்ளையின் கறைபடாத பெயர்.

இங்குதான் பிரச்சினையின் மையம் உள்ளது. நிலவுறுதியை இழந்த குடும்பங்கள், காணி இன்னமும் மீளக் கிடைக்காத குடும்பங்கள், 1990 இல் வடக்கிலிருந்து கைப்பொதியுடன் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆகியோரிடம் வங்கிக்கு அடமானம் வைக்க அசையாச் சொத்து இல்லை. அவ்வாறானவர்களின் பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளமும் நல்ல கடன் பதிவுமே உறுதிக்குப் பதிலான சொத்து. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையின் பதிவு கெட்டாலும் காணியொன்றை விற்று நிலைமையைச் சரிசெய்ய இயலும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே, பெற்றோரின் பழைய கடனை அடைப்பதற்குப் பிள்ளையின் பெயரைப் பயன்படுத்துவது குடும்பத்தைக் காப்பாற்றுவதாகத் தோன்றினும், உண்மையில் அது குடும்பத்திற்குத் திறந்திருக்கும் கடைசிக் கதவை மூடுவதாகவே முடிகிறது. பெற்றோரின் பெயர் கெட்டு, பிள்ளையின் பெயரும் கெட்டுவிட்டால் அவ்வீட்டில் எவருக்கும் வங்கிக் கடன் இல்லை. அதன்பின் எஞ்சுவது நகை அடகும் நாள்வட்டிக்காரரும் மாத்திரமே. குறைந்த வட்டியிலிருந்து கூடிய வட்டிக்கு ஒரு குடும்பம் தள்ளப்படுவது பெரும்பாலும் இவ்வழியிலேயே நிகழ்கிறது.

கடமையும் கணக்கும்

"பெற்று வளர்த்தவர்களுக்கு ஒரு கையெழுத்திடாத பிள்ளை என்ன பிள்ளை?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. பெற்றோரைத் தாங்குவது பிள்ளையின் கடமை என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், உதவுவது வேறு, பெயரைக் கொடுப்பது வேறு. மாதம் பத்தாயிரம் ரூபாவைத் தந்தையின் தவணைக்கெனக் கொடுக்கும் மகள் தன்னால் இயன்றதைக் கொடுக்கிறாள். இயலாத மாதத்தில் அவள் குறைத்துக்கொள்ளலாம். பிணைப் பத்திரத்தில் கையொப்பமிட்ட மகளோ எல்லை தெரியாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். அதனைக் குறைக்கவோ மீளப்பெறவோ அவளால் இயலாது. கடன் தீரும்வரை, அல்லது வங்கி வேறொரு பிணையாளரை ஏற்று அவளை விடுவிக்கும்வரை அப்பொறுப்பு நீடிக்கும். அன்பின் அளவு ஒன்றேயாயினும் விளைவு ஒன்றல்ல.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் இது மேலும் கூர்மையடைகிறது. திருமணமாகிச் செல்லும் பெண்ணுடன் அவளது கடன் பதிவும் செல்கிறது. புகுந்த வீட்டில் கூட்டாக வீட்டுக்கடன் கேட்கும் நாளில், பிறந்த வீட்டின் நிலுவை வெளிப்படுகிறது. அதனால் எழும் மனக்கசப்பு பணத்தால் மாத்திரம் அளக்கத்தக்கதல்ல. தந்தைக்கு உதவியவள் கணவன் வீட்டில் உண்மையை மறைத்தவளாகப் பார்க்கப்படுகிறாள். இத்தனைக்கும் தவணை தவறிய செய்தியே அவளுக்கு அன்றுதான் தெரியவந்திருக்கும்.

இதற்குக் காரணம் மௌனம். எமது குடும்பங்களில் தந்தையின் கடன் எவ்வளவு என்பது தாய்க்கே முழுமையாகத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதைப் பெற்றோர் பாசமாகக் கருதுகின்றனர். ஆனால், பிள்ளையின் கையொப்பத்தைக் கேட்கும் நாளிலேனும் அந்த மௌனம் கலைய வேண்டும். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஏற்கெனவே எத்தனை தவணை தவறியுள்ளது என்பவற்றை மறைத்துப் பெறும் கையொப்பம், பெற்ற பிள்ளையிடமிருந்தே ஆயினும், நேர்மையானதல்ல.

செய்ய வேண்டியவை

கையொப்பமிடுவதற்கு முன்னர் ஓர் இளைஞர் கேட்க வேண்டிய கேள்வி, தந்தை செலுத்துவாரா என்பதல்ல. அவர் செலுத்தாவிடின் எனது சம்பளத்திலிருந்து முழுத் தவணையையும் என்னால் செலுத்த முடியுமா என்பதே. முடியாதெனின், அந்தக் கையொப்பம் எவருக்கும் உதவப்போவதில்லை. பிணைப் பத்திரத்தைத் தமக்கு விளங்கும் மொழியில் விளக்குமாறு கோருவதும், அதன் பிரதியைப் பெற்று வைப்பதும் அவசியம். பொறுப்பை ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மட்டுப்படுத்த முடியுமா எனவும் கேட்கலாம்.

ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள் தமது சொந்தக் கடன் அறிக்கையைப் பெற்றுப் பார்க்க வேண்டும். தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே பெறும் வாய்ப்பு, பணியகச் சட்டத்திற்கு 2008 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னர் தனிநபர்களுக்குக் கிடைத்தது. திருமணத்திற்கு முன்னரோ, வீட்டுக்கடன் கேட்பதற்கு முன்னரோ அதனைப் பார்த்துவிடுவது வீண் அவமானத்தைத் தவிர்க்கும். பதிவில் பிழையிருந்தால் முதலில் அத்தகவலை வழங்கிய நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஏனெனில், அந்நிறுவனம் திருத்தி அனுப்பாமல் பணியகம் தானாக எதனையும் மாற்றுவதில்லை. அந்நிறுவனம் செவிசாய்க்காவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தையும் நிதிசார் குறைகேள் அதிகாரியையும் நாடலாம்.

பதிவு சரியானதாயின் அதனை அழித்துத் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களிடம் ஏமாறக்கூடாது. சரியான பதிவை எவராலும் அழிக்க முடியாது. செய்யக்கூடியது, தந்தையுடன் சேர்ந்து கடன் வழங்கிய நிறுவனத்திற்குச் சென்று, தவணையைக் குறைத்து மறுசீரமைக்குமாறு எழுத்தில் கோருவதே. நிலுவை பெருகுவதற்கு முன்னர் செல்வதே பயன்தரும். வழக்கறிஞரின் கடிதம் வந்த பின்னர் பேரம்பேசும் இடம் சுருங்கிவிடுகிறது.

இனி, கடன் வழங்குநர்களின் பொறுப்புக்கு வருவோம். கடனாளி தவணை தவறிய செய்தி பிணையாளருக்கு உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும். முதல் தவணை தவறியதும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது இன்றைய தொழில்நுட்பத்தில் கடினமானதல்ல. முதல் மாதத்திலேயே அறிந்திருந்தால் எமது ஆசிரியை ஒரு தவணையைச் செலுத்திச் சமாளித்திருக்கக் கூடும். ஆண்டுகள் கழிந்து அறியும்போது அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை. தாமே கடன் மறுத்த தந்தையின் 19 வயது மகன், வருமானச் சான்று எதுவுமின்றி மறுவாரம் வந்து அதே தேவைக்கு விண்ணப்பிக்கும்போது, அது யாருடைய கடன் என்பது கிளை முகாமையாளருக்குத் தெரியாததல்ல. இலக்கை எட்டுவதற்காக அவ்வாறான கடன்களை அனுமதிப்பது பொறுப்பான கடன் வழங்கலாகாது.

மத்திய வங்கி 2023 இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வெளிப்படைத்தன்மையை வலியுறுத்துகின்றன. அவை தலைநகரிலுள்ள தலைமையகங்களில் மாத்திரமன்றி, முல்லைத்தீவிலும் பொத்துவிலிலும் உள்ள கிளைகளிலும் தமிழில் நடைமுறைக்கு வரவேண்டும். பிணையாளருக்குச் சுருக்கமான, எளிய தமிழிலான விளக்கப் பத்திரம் ஒன்றை வழங்குவதைக் கட்டாயமாக்குவது பெருஞ்செலவை ஏற்படுத்தாது. அதேபோன்று, நெருக்கடிக் காலத்தில் பிறர் கடனால் பாதிக்கப்பட்ட பிணையாளரின் பதிவு, தாமே தவறிழைத்த கடனாளியின் பதிவைப் போன்றே எடைபோடப்படுவது நியாயமா என்பதும் கலந்துரையாடப்பட வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. க.பொ.த. உயர்தரத்தில் வணிகக்கல்வி கற்கும் மாணவர் கணக்கீட்டுச் சமன்பாட்டை அறிகிறார். தனது வீட்டுக்கு வரும் பிணைப் பத்திரத்தை வாசிக்க அறிவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் சனசமூக நிலையங்களும் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால் பல இளைஞர்கள் காப்பாற்றப்படுவர்.

கடன் தகவல் பணியகத்தை எதிரியாகக் கருதுவதில் பயனில்லை. ஒழுங்காகத் தவணை கட்டும் சொத்தற்றவனையும் நம்பத்தக்கவன் என்று எடுத்துக்காட்டக்கூடிய பதிவேடு அது. பிரச்சினை பதிவேட்டில் இல்லை. அதில் முதன்முதலாக எழுதப்படும் வரி யாருடையது என்பதில்தான் உள்ளது. 18 வயதில் ஒரு பிள்ளைக்கு வாக்குரிமை கிடைக்கிறது, கையொப்பத்திற்குச் சட்ட வலு கிடைக்கிறது. வாக்கை யாருக்கு அளிப்பது என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும் என்கிறோம். கையொப்பத்தையும் அவ்வாறே விட்டுவிடுவோம். எமது தலைமுறை யுத்தத்தாலும் வன்முறையாலும் நெருக்கடியாலும் பட்ட கடன்களை அடைக்க வேண்டியது நாமே. பிள்ளைகள் அதற்குத் தோள்கொடுக்கட்டும். ஆனால், அவர்களது பெயரை அவர்களிடமே விட்டுவைப்பது பெற்றோராகிய எமது பொறுப்பாகும்.